பள்ளி வாசலில் என் மகளின் படம்

அனுப்புநர்
செ. வனஜா,
க/பெ. செல்வகுமார்,
இரயில் நிலையச் சாலை அருகில்,
திருமுல்லைவாயில்,
சென்னை – 600 062.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: தனியார் பள்ளி – பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான தகவல் தொடர்பு குறித்த விளக்கப்படம் – நான் வரைந்து கொடுத்தது – அதில் என் மகளின் உடல்நிலையை என்னைக் கேட்காமல் எழுதி வாசலில் மாட்டியது – கழற்றிய பிறகு அப்படம் சாலைக்கு வந்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளி முதல்வரிடம் நேரிலும் எழுத்திலும் நான் முறையிட்டது (எழுத்துக்குப் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று பிறர் சொல்வதை அழகாக அடுக்கிக் கொடுப்பது என் தொழில். எனக்காக நான் எழுதும் முதல் மனு இது. ஆகையால் வரிசை எங்கேனும் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதியில் ஃபிளக்ஸ் அச்சகம் ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் ஒரே மகள் திருமுல்லைவாயிலில் உள்ள தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயரைத் தனித்தாளில் எழுதி, உறையில் ஒட்டி இணைத்துள்ளேன். என் மகளின் பெயரையும், அவளுக்கு இருக்கும் உடல்நலக் குறையின் பெயரையும் இம்மனுவில் எந்த இடத்திலும் எழுதவில்லை. மறந்து விட்டுவிட்டதாகத் தங்கள் அலுவலகத்தில் நினைக்க வேண்டாம். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

2. இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும், வகுப்பாசிரியை திருமதி கிருஷ்ணப்பிரியா அவர்களை வராந்தாவில் தனியே சந்தித்து, மகளின் குறையைச் சொன்னேன். அது வெட்கப்பட வேண்டியது அல்ல. மருந்து இருக்கிறது, மருத்துவர் பார்த்து வருகிறார். அது வரப்போவது அவளுக்கே சற்று முன்னதாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் போதும், பயமில்லை. ஆனால் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். என் மகள் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். “மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லும்மா. வேற யாருக்கும் தெரிய வேணாம்” என்றாள். அவள் தலையில் கை வைத்து ஒப்புக்கொண்டேன். ஆசிரியையும் பொறுமையாகக் கேட்டு, அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நானும் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தேன்.

3. பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில், முதல்வர் திருமதி மங்களம் அவர்கள் என்னை அழைத்தார். வீடும் பள்ளியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைப் படமாகப் போட்டு வாசலில் வைக்கப் போவதாகவும், இன்ஃபோகிராஃபிக் என்று அதற்குப் பெயர் என்றும் சொன்னார். “வெளியில கொடுத்தா ஏதோ ஒண்ணு பண்ணிக் கொடுத்துடுவாங்க. நம்ம பேரண்ட்டே இருக்கும்போது எதுக்கு?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாலை வேளைகளில் உட்கார்ந்து, கூலி எதுவும் வாங்காமல் வரைந்து கொடுத்தேன்.

4. அந்தப் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகாரே அதற்குள்தான் இருக்கிறது. இடது பக்கம் பள்ளிக் கட்டடம். வலது பக்கம் வீடு. பால்கனிக் கம்பியில் துணி காயும் நம் பக்கத்து அடுக்குமாடி வீடு. பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஆரஞ்சு நிற அம்புக்குறிகள்: டைரி, கைபேசிச் செயலி, பெற்றோர் கூட்டம். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பச்சை நிற அம்புக்குறிகள்: விடுப்புக் கடிதம், தொலைபேசி, நேரில் சந்திப்பு. பைக்கில் போகிறவர் வண்டியை நிறுத்தாமலே படித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் எழுத்தைப் பெரிதாகவும் வார்த்தைகளைக் குறைவாகவும் வைத்தேன்.

5. இரண்டு பக்கத்து அம்புக்குறிகளும் சந்திக்கும் நடுவிடம் வெறிச்சென்று கிடந்தது. அங்கே பள்ளியின் சின்னத்தைப் போடச் சொன்னார் முதல்வர். வேண்டாம் என்றேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே தினமும் போய்வருவது பிள்ளைதானே, பிள்ளையை நிற்கவைப்போம் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார். கணினியில் ஆயத்தமாகக் கிடைத்த பிள்ளைகள் எல்லாம் செம்பட்டை முடியும் பூனைக் கண்ணுமாக இருந்தார்கள். நம் பிள்ளை மாதிரி இருக்கட்டும் என்று என் மகளைப் பார்த்தே வரைந்தேன். மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், வட்டக் கண்ணாடி, ஒற்றைத் தோளில் பை, ஒரு காலில் மட்டும் சரிந்து இறங்கிய சாக்ஸ். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்தாள். “சாக்ஸை மட்டும் ஏத்தி விடும்மா” என்று சிரித்தாள். நான் ஏற்றவில்லை, அதுதான் படத்துக்கு அழகு என்றேன். பெயர் கிடையாது, வகுப்பு கிடையாது. பார்ப்பவருக்கு அவள் யாரோ ஒரு பள்ளிப் பெண்.

6. அந்தப் பெண்ணின் காலுக்குக் கீழே ‘உதாரணம்’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டம். அதற்குள் என்ன எழுதுவது என்று பள்ளிதான் சொல்ல வேண்டும் என்பதால், நாங்கள் வழக்கமாகச் செய்வது போல ‘இங்கே எழுத்து வரும்’ என்று தட்டிவைத்தேன். மழை நாளில் வேன் தாமதமானால் யார் யாருக்குச் சொல்வது என்பதைப் போடலாம் என யோசனையும் சொன்னேன். தாங்களே பூர்த்தி செய்துகொள்வதாகக் கூறி, கோப்பை வாங்கிக்கொண்டு, தங்கள் வழக்கமான அச்சகத்தில் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நான் அந்தப் படத்தைப் பார்த்தது திறப்பு விழா அன்றுதான்.

7. ஐயா, அந்தக் காலைப் பொழுதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வகுப்பு வாரியாக வரிசையில் நின்றார்கள். படத்தின் மேல் போட்டிருந்த துணியை முதல்வர் இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, “நம்ம ஸ்கூலோட சொந்த டிசைனர்” என்றார்கள். சால்வையைச் சரிசெய்துகொண்டு திரும்பி நான் என் படத்தைப் பார்த்தேன். கட்டத்துக்குள் இப்படி எழுதியிருந்தது:

“எங்கள் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருவரின் தாய், தன் மகளுக்கு (இங்கே குறையின் பெயர் இருந்தது) இருப்பதை வகுப்பாசிரியரிடம் மனம் திறந்து கூறினார். இன்று இப்பள்ளியே அக்குழந்தைக்கு அரண். நீங்களும் மனம் திறந்து பேசுங்கள்.”

அதற்கு நேர் மேலே என் மகள், சரிந்த சாக்ஸோடு.

8. கைதட்டல் நின்றதா, தொடர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவர்கள் எழுதியதில் பெயர் இல்லை. நான் வரைந்ததிலும் பெயர் இல்லை. இரண்டையும் ஒன்றாக மாட்டியபோது, அந்தப் பள்ளியில் அவளைத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ‘ஆ’ பிரிவு வரிசையில் வட்டக் கண்ணாடியும் மடித்த பின்னலுமாக நின்றது அவள் ஒருத்திதான். பிள்ளைகள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மேடையில் பொன்னாடையோடு நின்ற என்னை மட்டும் பார்த்தாள். படத்தை வரைந்தது நான் என்று அவளுக்குத் தெரியும். எழுத்தும் என்னுடையதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது.

9. அன்றே முதல்வரின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, என்னைப் பார்த்து உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “பேர் போடலையே மேடம்? நல்ல விஷயத்தைத்தானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கோம். உங்களை மாதிரி ஒரு மதரைப் பாராட்ட வேண்டாமா?” என்றார். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாராட்டு என்று நினைத்துச் செய்தவரிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளையாவது ஒட்டுங்கள் என்று கெஞ்சினேன். படம் பார்வைக்கு அசிங்கமாகிவிடும் என்றார்கள். எழுத்தில் கொடுத்த முறையீட்டுக்குப் பதில் வரவில்லை.

10. வகுப்பாசிரியை அவர்கள் அழுதுவிட்டார். பிள்ளைகளின் உடல்நலத் தகவல் எதுவானாலும் முதல்வருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு என்றும், அதன்படி சொன்னது இப்படி வாசலுக்கு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றும் என்னிடம் கூறினார். நான் நம்புகிறேன். இம்மனுவின் பேரில் அவருக்கு எந்தத் துன்பமும் நேரக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

11. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் அன்பாகவே பேசினார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. குடியிருப்பில் துணி காயப்போடும்போது, “பாப்பாவுக்கு இப்படியாமே, சொல்லவே இல்லியே” என்றார்கள். நாட்டு மருந்து சொன்னார்கள். எந்தக் கோவிலுக்கு என்ன வேண்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஒரு பெண்மணி, பிற்காலத்தில் மாப்பிள்ளை பார்க்கும்போது இதை எப்படிச் சமாளிப்பது என்றுகூட யோசனை சொன்னார். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி வாசலில் மற்றொரு தாயான நாகவல்லி சொன்னதை அப்படியே தருகிறேன்: “இனிமே நான் மிஸ்ஸாண்ட ஒண்ணியும் சொல்றதா இல்லக்கா. நம்ம ஊட்டு கதையும் நாளைக்கு கேட்ல தொங்கும்.” வீட்டையும் பள்ளியையும் பேசவைப்பதற்காக நான் வரைந்த படம் செய்த வேலை இது.

12. ஆனால் இம்மனுவுக்கு உடனடிக் காரணம் வேறு. படம் மாட்டிய பிறகு ஒரு நாள் என் மகள் முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தாள். கேட்டதற்கு, படிக்கட்டில் வழுக்கியதாகச் சொன்னாள். பிறகு, அவள் விஷயத்தைச் சொல்லியிருந்த தோழி வழியாகத் தெரிந்தது: வகுப்பில் இருக்கும்போதே அது வரப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியையிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகக் கூறி வெளியே போய், யாரும் இல்லாத இடத்தில் தனியாக விழுந்து, தானாகவே எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த முறை அந்த இடம் மாடிப்படியாக இருந்தால் என்ன ஆகும்? ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா ஃபிளக்ஸ் போடுவீங்க” என்றாள். ‘போடுவாங்க’ என்று சொல்லவில்லை ஐயா. ‘போடுவீங்க’ என்றாள்.

13. இந்த மாதத் தொடக்கத்தில், என் முறையீட்டுக்காக அல்ல, அடுத்த ஆண்டு அட்மிஷன் பேனருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, படத்தைக் கழற்றினார்கள். அப்பாடா, போய்த் தொலைந்தது என்று இருந்தேன். கழற்றிய ஃபிளக்ஸ் எங்கே போகும் என்பது, இத்தனை காலம் அதே தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் ஒரு துண்டு ஃபிளக்ஸும் வீணாகாது. குடிசைக்குக் கூரையாகும், ஆட்டோவுக்குப் பக்கத் திரையாகும், செங்கல் குவியலுக்குப் போர்வையாகும். நான் போட்ட பிறந்தநாள் முகங்களையும் அஞ்சலி முகங்களையும் எத்தனையோ கூரைகளில் தலைகீழாகப் பார்த்து ரசித்துப் போயிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

14. காலையில் அம்பத்தூருக்கு ரயில் பிடிக்க வேகமாக நடந்துகொண்டிருந்தேன். நிலையத்துக்குப் போகும் வழியில் கன்னியம்மாள் என்பவர் தள்ளுவண்டியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். மழைக்குப் புதிதாகக் கூரை கட்டியிருந்தார். இட்லிப் பானையின் ஆவிக்கு மேலே என் மகள் நின்றாள். கட்டம், எழுத்து, குறையின் பெயர், சாக்ஸ் எல்லாம் அப்படியே சாலையைப் பார்த்தபடி. பைக்கில் போகிறவரும் படிக்கும்படி நான் வைத்த பெரிய எழுத்து. தட்டு ஏந்தி நின்ற இருவர் அண்ணாந்து வாசித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

15. கன்னியம்மாள் ஓடி வந்து தூக்கினார். பள்ளிக் காவலாளி கலியமூர்த்தி, குப்பையில் போவதை மழைக்கு ஆகுமே என்று தனக்குக் கொடுத்ததாகச் சொன்னார். காவலாளி மீதும் குற்றமில்லை, இங்கே எல்லோரும் செய்வதுதான். ஏன் படத்தை வெளிப்பக்கமாகக் கட்டினீர்கள் என்று கேட்டேன். கன்னியம்மாள் சொன்னது: “எனக்கு எழுத்து படிக்கத் தெரியாதும்மா. பாப்பா மொகம் லட்சணமா கீதே, உள்ளார மடிச்சிக் கட்ட மனசு வர்ல. போற வர்ற சனம் பாக்கட்டும்னு வெளிய தெரியற மாரி கட்டிக்கினேன். இன்னா எய்திகீது அதுல?” என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என் பெண் என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் மழை விழ விழ, அவர் கயிற்றை அறுத்து இறக்கி, முகத்தை உள்ளே வைத்து மடித்து என் கையில் கொடுத்தார். அன்று வேலைக்குப் போகாமல், அவருக்கு ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, படத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். இப்போது அது எங்கள் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, விரிக்கவும் முடியவில்லை.

16. மேலே கண்ட சூழ்நிலையில் தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) பள்ளியின் இணையப் பக்கத்திலும் கைபேசிக் குழுக்களிலும் இன்னமும் இருக்கும் அப்படத்தை நீக்கவும், கணினியில் உள்ள கோப்பை அழிக்கவும் உத்தரவிட வேண்டும். வரைந்தவள் என்ற முறையில், அதை வேறு எதற்கும் பயன்படுத்த என் சம்மதம் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

(ஆ) ஒரு பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் ஆசிரியரிடம் சொல்வது, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத் தேவையான பெரியவர்களைத் தாண்டிப் போகக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவுறுத்த வேண்டும். பாராட்டுவதற்காகக்கூட போகக் கூடாது.

(இ) அந்தக் கட்டத்தில் இருந்த எழுத்து நான் எழுதியது அல்ல என்பதை, முதல்வர் என் மகளிடம் நேரில் சொல்ல வேண்டும். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நான் எத்தனை முறை சொன்னாலும் அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். எழுதியவர் வாயால் சொன்னால் நம்புவாள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அதைச் சுற்றறிக்கையாகவோ, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலோ, இன்னொரு படமாகவோ செய்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் செய்யக்கூடியவர்கள்.

(ஈ) இம்மனு வழக்கம்போல் ‘தக்க நடவடிக்கைக்காக’ அதே பள்ளிக்கு அனுப்பப்பட்டால், மேசை மேசையாகப் பலர் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பெயரும் குறையும் இதில் இல்லை. என் பெயரை மட்டும் மறைக்கவில்லை, பெயரில்லாத மனுவை யாரும் பிரிப்பதில்லை.

17. இதை எழுதி முடித்ததும் மகளிடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு தனியே போய்ப் படித்தாள். அவள் அடித்த வரிகளை நான் அப்படியே நீக்கிவிட்டேன், என்னவென்று தங்களிடமும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் பத்தியை அடிப்பாள் என்று பயந்தேன். அதை விட்டுவிட்டாள். “இது இருக்கட்டும், இல்லன்னா அவங்களுக்குப் புரியாது” என்றாள். விழா நாளுக்குப் பிறகு அவளாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

விசாரணைக்குக் குறையின் பெயர் தேவை என்றால் அழைப்பு அனுப்புங்கள், நேரில் வந்து சொல்கிறேன். ஆனால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். அவள் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொல்வதற்காக வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
செ. வனஜா

இடம்: திருமுல்லைவாயில்
நாள்: 24.11.2025

இணைப்பு:
1. பள்ளியின் பெயர், முகவரி (ஒட்டிய உறையில்).
2. முதல்வருக்கு நான் கொடுத்த முறையீட்டின் நகல் (குறையின் பெயர் மை பூசி மறைக்கப்பட்டுள்ளது).
3. படம் இணைக்கப்படவில்லை.